மண்முனைப் பாதையும் முருங்கையிலைச் சாறும்

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவியில மண்முனைப் பாலம் 2014ல திறக்க முன்னால, கிழக்குப் பக்கத்து எழுவான்கரையில இருந்து மேற்குப் பக்கத்து படுவான்கரைக்கு பாதையில, அதாவது ஆக்களை ஏத்தி இறக்குற மிதவையில, போன ஆக்கள் கனபேர் இப்ப கேட்டுக்கொண்டிருப்பீங்க, நான் சொல்லப்போற விசயத்துல பாதி உங்களுக்கு ஏற்கனவே தெரியும். கரையில ஒவ்வொருத்தரா வந்து நிப்பாங்க, ஆர் முந்தி ஆர் பிந்தி எண்டு அங்க தெளிவா இருக்கும், பாதையில ஏறினா எல்லாரும் கலந்துருவாங்க, அங்கால இறங்கக்குள்ள அந்த வரிசை இல்ல.

எங்கட லேப்ல செய்யிற இருபரிமாண திரவ குரோமட்டோகிராபி, அதாவது ஒரு திரவத்துல கலந்து கிடக்கிற பொருள்களை ரெண்டு தரம் பிரிச்செடுக்கிற முறை, அதுவும் இதுமாதிரித்தான். முருங்கையிலைச் சாறை எடுங்க, குவெர்செட்டின், கெம்ப்பெரோல் இனத்துச் சேர்மங்கள், குளோரோஜெனிக் அமிலம் எண்டு ஏராளமான பொருள் கலந்து கிடக்கு, ஒரு கொலத்தால, அதாவது துகள் அடைச்ச குழாயால, அனுப்பினா ஒண்டுக்குப் பின்னால ஒண்டு பீக்கா, வரைபடத்துல மேடு மேடா, வெளியில வரும், ஆனா சிலது ஒட்டிக்கொண்டே வரும். அதனால வாறதை துண்டு துண்டா வெட்டி, வேற குணமுள்ள ரெண்டாவது கொலத்துக்கு அனுப்புறம். ரெண்டு கொலத்துக்கும் நடுவில உள்ள வால்வுல ரெண்டு லூப், அதாவது வெட்டின துண்டைப் பிடிச்சு வைக்கிற சின்னக் குழாய், இருக்கு, ஒண்டு நிரம்பக்குள்ள மற்றதுல உள்ளது ரெண்டாவது கொலத்துக்குள்ள போகும். எத்தனை செக்கனுக்கு ஒருக்கா வெட்டுறது எண்டதுலதான் முழு வேலையும் தங்கியிருக்கு.

நான் முதல்ல பிழை விட்டது இஞ்சதான். ஒரு நிமிசத்துக்கு ஒருக்கா வெட்டினன், ரெண்டாவது கொலத்துக்கு நல்லா நேரம் கிடைச்சது, ஒவ்வொரு பொருளையும் ஒரு புள்ளியா காட்டுற படமும் வடிவா வந்தது, பிறகு பார்த்தா முதல் கொலத்துல தனித்தனியா நிண்ட ரெண்டு பீக் ஒரே புள்ளியா வந்திருக்கு. பிரிச்சு வச்சதை நானே லூப்புக்குள்ள திரும்ப கலந்துட்டன். அண்டைக்கு எனக்கு மனசே சரியில்ல.

மர்பி, ஷூர், ஃபோலி எண்ட மூண்டு பேர் 1998ல இதை ஆராய்ஞ்சு, ஒரு பீக்கை மூண்டு நாலு தரமாவது வெட்டவேணும் எண்டு எழுதினாங்க. எல்லாரும் இந்த எண்ணை மட்டும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்காங்க, ஆனா சிக்மா எண்டது பீக் எவ்வளவு பரந்திருக்கு எண்டு சொல்ற அளவு, அவங்க பீக் அகலமா எடுத்தது 8 சிக்மா, நாங்க வழமையா அளக்கிறது 4 சிக்மா, அப்ப எங்கட கணக்குல அது ஏறத்தாழ ரெண்டு வெட்டுத்தான். இதை தயவுசெய்து கவனிங்க, இது தெரியாம தேவையில்லாத வேகத்துல ஓட்டி நாட்கணக்கா வீணாக்கினவங்களை நான் கண்டிருக்கன்.

2008ல டேவிஸ், ஸ்டோல், கார் ஆக்கள் ஒரு சூத்திரம் தந்தாங்க. வெட்டுற நேரத்தை பீக் அகலத்தால பிரிச்சு, வர்க்கமாக்கி, 3.35ஆல பெருக்கி, ஒண்டைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்க, முதல் கொலத்துட பிரிக்கிற திறன் அத்தனை மடங்கு குறையும். 60 நிமிச ஓட்டத்துல பீக் 60 செக்கன் அகலம் எண்டா கிட்டத்தட்ட 60 பீக்குக்கு இடம் இருக்கு. 60 செக்கனுக்கு ஒருக்கா வெட்டினா அது 29 ஆகிடும், 30 செக்கனுக்கு எண்டா 44, 15 செக்கனுக்கு எண்டா ஏறத்தாழ 55.

அப்ப 15தானே நல்லம் எண்டு கேப்பீங்க. இல்ல. ரெண்டாவது கொலம் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் திரும்ப பழைய நிலைக்கு வரவேணும், அதுக்கு 5 செக்கன் போனா பிரிக்கிறதுக்கு மிச்சம் 10 செக்கன்தான், அதுக்குள்ள எத்தனை பீக்கை பிரிக்க ஏலும்? அதோட ஒவ்வொரு துண்டுலயும் பொருள் குறைவு, ரெண்டாவது கொலம் இன்னும் ஐதாக்கும், சின்ன பீக் எல்லாம் டிடெக்டருக்கு தெரியாமலே போயிடும். பாதை ரெண்டு பேரை மட்டும் ஏத்திக்கொண்டு ஓடி ஓடி வந்தா என்ன பிரயோசனம்?

அதனால லேப்புக்கு போற புள்ளைகள் முதல்ல முதல் கொலத்தை தனியா ஓட்டி, ஆக ஒடுக்கமான பீக்குட அகலத்தை அளங்க, அதுல பாதியில தொடங்குங்க. லூப்பையும் பாருங்க, நிமிசத்துக்கு 0.1 மில்லிலீற்றர் போனா 30 செக்கனுக்கு 50 மைக்ரோலீற்றர் வரும், லூப் அதைவிட சின்னன் எண்டா மிச்சம் கழிவுக்கு போயிடும். நானும் முருங்கையிலையை 30 செக்கனுக்கு மாத்தினன், ஒரே புள்ளியா நிண்டது ரெண்டாப் பிரிஞ்சுது.