டிலனாய் சொன்ன யோபுவின் கதை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஜெபக் கூட்டங்களில் "சாட்சி சொல்ல யாராவது உண்டா?" என்று கேட்டால், எழுந்து வருபவர்கள் பெரும்பாலும் பெற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறார்கள். நோய் தீர்ந்தது, வேலை கிடைத்தது, விசா வந்தது. நன்றி சொல்வதில் தவறில்லை. ஆனால் குமரி மண்ணின் மிகப் பெரிய சாட்சி, இழப்பைப் பற்றிய ஒரு பேச்சில் தொடங்கியது.

1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்டவர் டச்சுக் கம்பெனித் தளபதி டிலனாய். பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்புக்கு வந்தார். அரண்மனை அலுவலரான நட்டாலம் நீலகண்டன் அவருக்குப் பழக்கமானார். நீலகண்டன் வீட்டில் மாடுகள் மடிந்தன, பயிரும் பாழானது. வாடிய முகத்தைப் பார்த்த டிலனாய், என்னவென்று விசாரித்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். முழுவதும் கேட்ட பிறகுதான் வேதாகமத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னாராம். மந்தைகளையும் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த மனிதரின் கதை அது.

யோபுவுக்கு முடிவில் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பியது. நீலகண்டனுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். ஒடுக்கப்பட்டவர்களோடு சரிசமமாக உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் இது எந்தப் பிரசங்கத்தையும்விடச் சத்தமாகக் கேட்டிருக்கும். 1749-இல் கைதானார். எருமையின் மேல் பின்புறம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டம் இல்லை. அதை நீக்கப் பலர் எழுதியும் வாதாடியும் வந்தார்கள். பந்தியில் சாதி பார்க்காதவரைச் சாதிப் பட்டத்தோடு பீடத்தில் ஏற்றியிருந்தால் அது பொருந்தாமல்தான் இருந்திருக்கும்.

டிலனாயிடம் மேடையோ ஒலிபெருக்கியோ இருக்கவில்லை. அவர் குருவானவரும் அல்லர். தோற்றுப்போன ஒரு சிப்பாய். தம்மிடம் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி பேதுருவின் நிருபம் சொல்கிறது. இங்கே முதலில் கேட்டவரே டிலனாய்தான்.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். தேவசகாயத்தின் மனைவி பார்கவி, திருமுழுக்கில் ஞானப்பூ. கணவர் கொல்லப்பட்ட பிறகு வடக்கன்குளத்தில் வாழ்ந்து 1766-இல் இறந்தார். இந்தப் 14 ஆண்டுகளை நம் மறையுரைகள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன என்பது எனக்குள்ள குறை.