படியளக்கிறவனுக்கா, பிள்ளைக்கா? மாண்டலோரியனும் நம்ம வேளைக்காரப் படையும்

ஒரு சின்ன உருண்டை. விண்கப்பல் லீவர் நுனியில திருகி வெச்சிருக்கிற குமிழ், அவ்வளவுதான். கூலிக்கு ஆள் பிடிக்கிற ஒருத்தன் கட்சி மாறினதுக்கு இதுதான் சாட்சி.

கதை ஒரே மூச்சுல: ‘தி மாண்டலோரியன்’, 2019-ல வந்த ஸ்டார் வார்ஸ் தொடர். விண்வெளியை ஆண்ட பேரரசு விழுந்தாச்சு. டின் ஜாரின் ஒரு கூலி வேட்டைக்காரன், மாண்டலோரியன்ங்கிற கவசப் போர்வீரர் குலத்துல வளர்ந்தவன். 50 வயசுக் குழந்தையைப் பிடிச்சுத் தரணும். ஆமாங்க, 50, அந்த இனத்துல அது கைப்பிள்ளை. போதும், விஷயத்துக்கு வாங்க.

“காசா பாசமா, பாசம் ஜெயிச்சுது”ன்னு சொல்றது அரைகுறை. அவன் கழுத்துல மூணு கட்டு. கில்டு, அதாவது கூலி வேட்டைக்காரங்க சங்கத்து விதி: சரக்கை ஒப்படைச்சா அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்கக்கூடாது. குலநெறி: யார் முன்னாடியும் ஹெல்மெட்டைக் கழட்டக்கூடாது. மூணாவது அந்த நெறிக்குள்ளயே இருக்கு: திக்கத்த பிள்ளையை எடுத்து வளர்க்கணும். அவனே அப்படி வளர்ந்தவன்தான்!

அச்சாரம் ஒரே ஒரு பெஸ்கார் உலோகக் கட்டி. சம்பா அறுவடைக்கு மெஷின் புரோக்கர்கிட்ட கொடுப்போமே, அந்த மாதிரி. அது தோள்கவசம் ஆச்சு. பிள்ளையை ஒப்படைச்சதும் பெட்டி நிறைய கட்டிகள். அது மார்க்கவசம் ஆச்சு. கட்டியில பேரரசு முத்திரை, தன் இனத்தை அழிச்சவனோட முத்திரை. கிளம்பலாம்னு லீவரைப் பிடிக்கிறான், நுனியில குமிழ் இல்ல. பிள்ளை கழட்டி விளையாடினது. இன்ஜினை நிறுத்துறான். திரும்பிப் போய் அடிச்சுத் தூக்கிட்டு வர்றான், கூலியா வாங்குன அதே கவசத்தை மாட்டிக்கிட்டு! கூலியை மட்டும் திருப்பித் தரலை, கவனிச்சீங்களா?

இப்ப தஞ்சாவூர். பெரிய கோயில் கல்வெட்டுகள்ல படைப்பிரிவுப் பேர்களைத் தேடுங்க, ‘வேளைக்காரர்’னு வரும். தலைவனுக்கு ஆபத்து வர்ற வேளையில உயிரைக் கொடுப்போம்னு சத்தியம் பண்ணினவங்கன்னு பொதுவா விளக்கம் சொல்வாங்க. இலங்கையிலயும் இந்தப் படை இருந்துச்சு. சோழர்களை 1070 வாக்குல இலங்கைத் தலைநகர் பொலன்னறுவையை விட்டு விரட்டின சிங்கள ராஜா விஜயபாகுகிட்டயே கூலிக்கு நின்னுச்சு. 1080-கள்ல அவன் சோழநாட்டு மேலயே படையெடுக்கக் கிளம்பறான். படியளக்கிறவன் சோழநாட்டு மேலயே ஏவினா என்ன பண்ணுவீங்க? இவங்க மாட்டேன்னுட்டாங்க. தளபதிகளைக் கொன்னு, அரண்மனையைக் கொளுத்தி, ராஜாவோட தங்கச்சியையும் பிள்ளைகளையும் பிடிச்சுட்டாங்கன்னு இலங்கையோட பழைய வரலாற்று நூல் சூளவம்சம் சொல்லுது. ராஜா திரும்பி வந்து, கலகத் தலைவர்களைக் கட்டி, அந்தத் தளபதிகளோட சிதையிலயே எரிச்சான்.

கதை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. விஜயபாகு செத்த பிறகு புத்தர் பல் இருந்த கோயிலுக்கு யார் காவல் தெரியுமா? அதே வேளைக்காரர்! பொலன்னறுவையில தமிழ்லயே கல்வெட்டு இருக்கு, அந்தக் கோயிலுக்கே “மூன்றுகைத் திருவேளைக்காரன்”னு தங்க பேரை வெச்சு, கையொப்பம் போட்ட மாதிரி. நேர்ல பார்த்தவங்க கமென்ட்ல சொல்லுங்க.

திரும்ப டின். முதல் சீசன் கடைசியில உயிர் போற காயம். ஹெல்மெட்டைக் கழட்டினாதான் மருந்து போடலாம். உயிருள்ள எதுவும் முகத்தைப் பார்க்கக்கூடாதேங்கிறான். எதிர்ல நிக்கிறது ரோபோ: “நான் உயிருள்ளது இல்லையே!” வக்கீல் தோத்தாரு போங்க. ரெண்டாவது சீசன்ல அந்த ஓட்டையும் இல்ல. பிள்ளையைக் கடத்தினவன் கப்பல் எங்கன்னு சொல்ல, கணினி முகத்தை ஸ்கேன் பண்ணணுங்குது. முதல்ல ஹெல்மெட்டோடவே காட்டிப் பார்க்கிறான், ஏத்துக்கலை. எதிரி அதிகாரி பார்த்துட்டு இருக்கும்போதே கழட்டுறான்.

அதுக்கு முன்னாடியே அவன் கப்பல் குண்டு விழுந்து சாம்பலாயிருந்துச்சு. அந்தச் சாம்பலைக் கிளறி அவன் எடுத்தது ஒரு பெஸ்கார் ஈட்டி, அப்புறம் அந்தக் குமிழ்.