வரி கொடுத்தவருக்குக் கேட்க உரிமை உண்டு

நேயர்களுக்கு வணக்கம். அரங்குகளுக்கு ஆள் வருவதில்லை என்ற பேச்சு இப்போது எங்கே போனாலும் காதில் விழுகிறது. நாடகம் போடுகிறவர்கள் சொல்கிறார்கள், கச்சேரி நடத்துகிற சபாக்காரர்கள் சொல்கிறார்கள், கலையரங்கத்தைக் கட்டிப் பூட்டி வைத்திருக்கிறவர்களும் சொல்கிறார்கள். டிவி வந்தாச்சு, செல்போன் வந்தாச்சு, இனிமேல் யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று கேட்கிறார்கள். எனக்கு இதில் சம்மதம் இல்லை. இதே திருநெல்வேலிச் சீமையில், அதே செல்போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சித்திரையிலும் வைகாசியிலும் ஆடியிலும் ஊர் ஊராகக் கொடை என்கிற கோயில் திருவிழா நடக்கும்போது ஜனங்கள் சாமம் தாண்டியும் உட்கார்ந்து வில்லுப்பாட்டு கேட்கிறார்கள். சுடலைமாடன் கதை அவர்களுக்குத் தெரியாத கதையா? ஒவ்வொரு வருஷமும் கேட்ட கதைதான், இருந்தாலும் வருகிறார்கள். அப்படியானால் குறை ஜனங்களிடம் இல்லை. வேறெங்கோ இருக்கிறது, அதைத்தான் இன்றைக்குப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு சின்ன நாடகக் குழுவில் இருக்கிறேன். நாடகம் எழுதுவது, நடிகர்களைச் சேர்ப்பது, மைக்செட்டுக்குச் சொல்வது, நாற்காலி எடுத்துப் போடுவது எல்லாம் நாங்களேதான். ஆகவே காலி நாற்காலியைப் பார்க்கிற வருத்தம் எனக்கும் உண்டு.

கொடையை முதலில் பார்ப்போம். கொடை கழிப்பது என்று முடிவானவுடனே ஊர்க்கூட்டம் போட்டு வரி பேசுவார்கள். தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வைப்பார்கள். மும்பையில் கடை வைத்திருக்கிறவருக்கும் அதே வரிதான், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவருக்கும் அதே வரிதான், ஊரில் மாடு மேய்க்கிறவருக்கும் அதேதான். வரியைக் கொடுத்தபிறகு அவர் சும்மா இருப்பாரா? எந்த வில்லுக்கு அச்சாரம் கொடுத்தீர்கள், போன வருஷம் வந்த செட் கதையைப் பாதியில் சுருக்கிவிட்டார்களே அவர்களையேவா மறுபடியும் கூப்பிட்டீர்கள், நோட்டீசில் எங்கள் தெருப் பையன் பெயர் ஏன் விட்டுப்போச்சு என்று கூட்டத்திலேயே கேட்பார். அதற்கு நிர்வாகிகள் பதில் சொல்லியாக வேண்டும். பந்தல் கால் நடுவதற்கு முன்னாலேயே நிகழ்ச்சிக்குள் அவர் வந்தாச்சு. அன்றைக்கு ராத்திரி அவர் வந்து உட்காருவது தன் பணம், தன் பேச்சு, தன் சண்டை எல்லாம் என்ன ஆச்சு என்று பார்ப்பதற்கும் சேர்த்துத்தான்.

அப்புறம் அந்த மேடையைப் பாருங்கள். மேடை என்றுகூடச் சொல்ல முடியாது, பல இடங்களில் தரையோடு ஒட்டி நாலு பலகை போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். நடுவில் வில், வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடம், ஒருவர் கையில் உடுக்கை, ஒருவர் கையில் ஜால்ரா. புலவர் இரண்டு கையிலும் வீசுகோலைப் பிடித்து வில்லின் நாணில் தட்டும்போது நாணில் கோர்த்த மணியெல்லாம் சேர்ந்து குலுங்கும். அவருக்கு எதிரே பத்தடி தூரத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு முகமும் அவருக்குத் தெரிகிறது. யார் தூங்குகிறார், யார் கண்ணைத் துடைக்கிறார், எந்தப் பக்கம் பேச்சு கூடிவிட்டது என்று பார்த்துக்கொண்டேதான் கதையை நீட்டுவார், குறைப்பார். பக்கத்தில் இருக்கிறவர் “ஆமா” போடுவது அவருக்காக மட்டுமா? எதிரே இருக்கிற அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் அவர் ஆமா போடுகிறார். கதையில் ஒரு ஊர்ப் பெயர் மாறிவிட்டால் கீழேயிருந்து ஒரு தாத்தா, “ஏய், அது அந்த ஊரு இல்லப்பா” என்று குரல் கொடுப்பார். புலவரும் அதை மாற்றிப் பாடிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். யாராவது நூறு ரூபாயை நீட்டினால் கதையை நிறுத்தி, இன்னார் மகன் இன்னார் அன்பளிப்பு என்று மைக்கில் வாசிப்பார். படித்தவர்களில் சிலருக்கு இது ரசனைக் குறைவாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. கொடுத்த கையை ஊர் முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மரியாதை அது.

சாமி வருகிற நேரத்தில் இது இன்னும் துல்லியமாக நடக்கும். கதை ஒரு கட்டத்துக்கு வந்ததும் புலவர் பாட்டை முறுக்குவார், குடம் வேகமெடுக்கும், சாமியாடுகிற கோமரத்தாடி எழுந்திருப்பார். அவர் ஆட ஆடப் பாட்டு கூடும், பாட்டு கூடக் கூட அவர் ஆடுவார். யார் யாரை நடத்துகிறார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. கணியான் கூத்தில் மகுடம் என்கிற தோல்வாத்தியம் அடிக்கிறவர்களுக்கும் சாமியாடிக்கும் நடுவில் நடப்பதும் இதுவேதான்.

திருச்செந்தூர் பக்கத்தில் நடக்கிற குலசேகரன்பட்டினம் தசராவைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டாம். அங்கே பார்க்கிறவர் யார், ஆடுகிறவர் யார் என்ற கோடே கிடையாது. கொத்தனார், டிரைவர், கல்லூரிப் பையன், டீக்கடைக்காரர், எல்லோரும் மாலை போட்டு விரதம் இருந்து, காளியாகவும் குரங்காகவும் கரடியாகவும் போலீசாகவும் ராஜாவாகவும் வேடம் கட்டி, குழு குழுவாக ஊர் ஊராகப் போய்க் காணிக்கை பிரித்து, பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரத்துக்கு வந்து சேர்கிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் மேளம் உண்டு, கணக்கு உண்டு, ஒத்திகை உண்டு. எந்த அரசாங்கமும், எந்தக் கம்பெனியும் விளம்பரம் கொடுத்துச் சேர்த்த கூட்டம் இல்லை அது.

சரி, இப்போது நம்முடைய அரங்குக்குள் போவோம். ஆறு மணி நிகழ்ச்சி என்று அழைப்பிதழில் போட்டிருக்கும். ஆறரைக்கு விருந்தினர் வருவார். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப்பரிசு, வாழ்த்துரை, இன்னொரு பொன்னாடை. முன்வரிசையில் சோபா போட்டு யாருக்கோ ஒதுக்கி வைத்திருப்பார்கள், அவர்கள் பேசி முடித்த உடனே எழுந்து போய்விடுவார்கள், நாடகம் ஆரம்பிக்கும்போது அந்த சோபாக்கள் காலியாக நடிகர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெளிச்சத்தை அணைத்துவிடுவார்கள். நடிக்கிறவருக்கு யார் முகமும் தெரியாது. பின்னால் ஒரு குழந்தை அழுதால் எல்லோரும் திரும்பி அந்தத் தாயைப் பார்ப்பார்கள், அவள் எழுந்து வெளியே போய்விடுவாள், அடுத்த முறை வரவே மாட்டாள். எட்டரை மணிக்கு அம்பாசமுத்திரம் பக்கமும் நாங்குநேரி பக்கமும் போக வேண்டியவர்கள் பஸ்ஸை நினைத்து நெளிய ஆரம்பிப்பார்கள். பெண்களுக்குக் கழிப்பறை பூட்டியிருக்கும், சாவி வாட்ச்மேனிடம் இருக்கும், வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருப்பார். இது நான் நேரே பார்த்தது, ஒரே ஒரு அரங்கில் மட்டும் பார்த்ததும் இல்லை. இதையெல்லாம் தாண்டி ஒருவர் கடைசிவரை உட்கார்ந்திருந்தால், அவரிடம் நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க ஆள் கிடையாது. நன்றியுரை, தேசிய கீதம், லைட் ஆஃப்.

“பார்வையாளர் பங்கேற்பு” என்று இப்போது சில இடங்களில் சொல்கிறார்கள். அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, எல்லோரும் பலமாக ஒரு கைதட்டுக் கொடுங்கள் பார்ப்போம் என்கிறார். சத்தம் பத்தவில்லை, இன்னும் பலமாக என்கிறார். இதைப் பங்கேற்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொடையில் யாரும் யாரையும் கைதட்டச் சொல்லுவதில்லை.

பார்க்கிறவரை உண்மையாகவே உள்ளே சேர்த்துக் காட்டிய அரங்குகள் உலகத்தில் இருக்கின்றன. தூரத்தில்கூட வேண்டாம், கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம், சாகர் தாலுகாவில் ஹெக்கோடு என்று ஒரு கிராமம். சுற்றிலும் பாக்குத் தோட்டம். அங்கே கே.வி.சுப்பண்ணாவும் அந்த ஊர்க்காரர்களும் சேர்ந்து 1949இல் நீநாசம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஊர்க்காரர்கள் தங்களுக்காகத் தாங்களே நாடகம் போடுவதில் தொடங்கி, பிற்பாடு சொந்தமாக அரங்கம், பிலிம் சொசைட்டி, நாடகப் பள்ளி என்று வளர்ந்து, 1985இல் ‘திருகாட்ட’ என்ற பயணக் குழுவையும் ஆரம்பித்தார்கள். அந்தக் குழு வருஷா வருஷம் நாடகங்களைத் தயாரித்துக் கர்நாடகம் முழுக்கக் கொண்டுபோகிறது. 1991இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பாக்குத் தோட்டத்தில் வேலை முடித்து வந்து ஷேக்ஸ்பியர் நாடகத்தில் நடிக்கிற மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள், அதைப் பார்க்க வருகிறவர்கள் அவர்கள் அண்டை வீட்டார். தன் பக்கத்து வீட்டுக்காரர் மேடையில் நின்றால் யார்தான் போய்ப் பார்க்காமல் இருப்பார்கள்?

லண்டனில் பாட்டர்சீ கலை மையம் என்று ஒன்று, முன்பு அந்தப் பகுதியின் டவுன் ஹாலாக இருந்த கட்டடம். அவர்கள் 2000ஆம் ஆண்டுவாக்கில் ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள். நாடகம் பாதி வெந்தும் வேகாமலும் இருக்கும்போதே மக்கள் முன்னால் போட்டுக் காட்டி, என்ன புரிந்தது, எங்கே சலித்தது என்று கேட்டு, அதை வைத்துத் திருத்தி மறுபடியும் போடுவது. பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவால் 1970களிலேயே இதற்கும் மேலே போனார். ஒரு அநியாயத்தை நாடகமாகப் போட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து போடுவார்கள். பார்க்கிறவர் எந்த இடத்திலும் “நிறுத்து” என்று சொல்லி எழுந்து வந்து, அந்தப் பாத்திரத்தின் இடத்தில் தானே நின்று வேறு மாதிரி செய்து பார்க்கலாம். கீழேயிருந்து குரல் கொடுத்த நம் தாத்தா இவர்களுக்கு அந்நியமானவர் இல்லை.

எங்கள் குழுவில் பீடி சுற்றுகிற பெண்களைப் பற்றி ஒரு நாடகம் தயார் செய்தோம். ஒத்திகையை அறைக்குள் வைக்காமல் மேலப்பாளையத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் வைத்தோம். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிற சுளகு, அதாவது முறம், உண்டு. எங்கள் நடிகை சுளகை மடியில் வைத்து இலையைச் சுற்றுவது மாதிரி செய்துகொண்டிருந்தார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, பேசாமல் உள்ளே வந்து, “நகரு தாயி” என்று அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். இலையை எடுத்தார், தூளை வைத்தார், கண் மூடித் திறப்பதற்குள் சுற்றி முனையை மடக்கி நூலைக் கட்டிப் போட்டார். “நீ கையைப் பார்த்துக்கிட்டே சுத்துதே. நாங்க எங்க கையைப் பாக்கோம்? பிள்ளையைப் பாப்போம், அடுப்பப் பாப்போம், வாசல்ல யாரு வாரான்னு பாப்போம். கை அது பாட்டுக்குச் சுத்தும்” என்றார். அந்த ஒரு பேச்சில் எங்கள் நாடகம் மாறிப்போச்சு. அதுவரை அந்தப் பாத்திரம் தலை குனிந்தே இருந்தது, அதற்குப்பிறகு தலை நிமிர்ந்து எல்லாப் பக்கமும் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தது. நாடகம் போட்ட அன்றைக்கு அந்த அக்கா தெருவையே கூட்டிக்கொண்டு வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து, நடிகையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் முதலில் பேசியதும் அவர்தான், கூலி பேசுகிற காட்சியில் கடைக்காரர் இவ்வளவு மரியாதையாகப் பேச மாட்டார் என்றார். அதையும் திருத்தினோம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். கொடையை நான் இவ்வளவு புகழ்ந்தாலும், அதன் வரிக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. யாரிடம் வரி வாங்குவது, யாரிடம் வாங்கக் கூடாது என்பதில்தான் ஊரின் சாதிக் கணக்கு உட்கார்ந்திருக்கிறது. ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைக்க வேண்டுமென்றால் முதலில் அவர்களிடம் வரி வாங்காமல் விடுவார்கள். வரி இல்லை என்றால் கேள்வி கேட்க முடியாது, பந்தலுக்குள் உரிமையோடு உட்கார முடியாது. ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசுவதும் குறைவுதான். அரங்கத்தின் டிக்கெட் கவுண்டரில் ஐம்பது ரூபாயை நீட்டினால் நீ யார், எந்தத் தெரு என்று கேட்க மாட்டார்கள். யார் பக்கத்திலும் யாரும் உட்காரலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே அரங்கம் என்கிற இடத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கொடையில் இருக்கிற உரிமையும் அரங்கத்தில் இருக்கிற சமத்துவமும் ஒரே கூரைக்குக் கீழே வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. எல்லோரிடமும் வரி வாங்கு, எல்லோரையும் கேள்வி கேட்க விடு.

இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. நிகழ்ச்சியை ஆறு மணிக்கே ஆரம்பித்து, கடைசி பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் முடியுங்கள். சோபாவை எடுத்துவிட்டு முன்னால் ஜமுக்காளம் விரித்துக் குழந்தைகளை உட்கார வையுங்கள், குழந்தை பேசினால் பேசட்டும். பொன்னாடைகளை நாடகம் முடிந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள். அரை வெளிச்சமாவது இருக்கட்டும். இலவச பாஸ் கொடுப்பதைவிட, அரங்கத்தைச் சுற்றியிருக்கிற தெருக்களில் வீட்டுக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை வாங்கி, அந்த வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு அடுத்த வருஷம் என்ன நிகழ்ச்சி வைக்கலாம் என்று கேளுங்கள். கேட்டதை நோட்டில் எழுதி, எதைச் செய்தோம், எதைச் செய்ய முடியவில்லை என்று அவர்களிடமே போய்ச் சொல்லுங்கள்.

கேட்டுக்கொண்டிருக்கிற நீங்கள் பலரும் கிராமத்தில் இருப்பீர்கள். நம் ஊர்களில் தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டிய கலையரங்கம் பெரும்பாலும் கோயிலுக்கு எதிரேயோ பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயோ நிற்கிறது. முகப்பில் பெரிதாகப் பெயர் எழுதியிருக்கும், உள்ளே பைக் நிற்கும், நெல் காயும். உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் பத்துப் பேராகச் சேர்ந்து பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய் மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அதை எங்களுக்கு விடுங்கள் என்று எழுதிக் கேளுங்கள். அந்தப் பத்துப் பேரில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும், எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் இருக்கட்டும். அந்தச் சனிக்கிழமைக்கு நாடகம் தயாராக இல்லையென்றாலும் பரவாயில்லை, ஒத்திகை போதும். எங்களைக் கூப்பிட்டாலும் வருவோம். வணக்கம்.