விளக்கு வைத்த பிறகு

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

என்ன நடந்தாலும் மனதை உற்சாகமாக வைத்துக்கொள்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கேட்டதும் காடாம்புலியூர் அத்தை ஞாபகம்தான் வந்தது.

2011 டிசம்பர் 30 விடியற்காலை. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அத்தைக்கு நாலு ஏக்கர் முந்திரித் தோப்பு. வரப்போரம் இருந்த பலா மரங்கள் அவர் மாமனார் வைத்தவை. காலையில் போய்ப் பார்த்தால், தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிகிறது.

அத்தை இரண்டு நாள் அழுதார். சாவு வீட்டில் அழுவது மாதிரி, ஒவ்வொரு மரத்தின் கதையையும் சொல்லிச் சொல்லி அழுதார். சென்னையிலிருந்து ஒரு உறவுக்காரப் பையன் எப்படியோ லைன் கிடைத்துப் பேசினான். "பாசிட்டிவா இருங்க அத்தை" என்றான். "வந்து ஒரு மரத்தைத் தூக்கி நிறுத்திட்டு அப்புறம் சொல்லுடா" என்று போனை வைத்துவிட்டார். அவர் சொன்னதில் என்ன தப்பு? துக்கத்தில் இருப்பவரிடம் சிரிக்கச் சொல்வதைப்போல ஒரு கொடுமை கிடையாது.

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களிடம், வாழ்க்கையில் தங்களை மிகவும் நோகடித்த சம்பவத்தைத் தினம் 15 நிமிடம், நாலு நாள் எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனசு இன்னும் கனத்துத்தான் போனது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் வைத்தியத்துக்குப் போனது குறைந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் இதை ஒப்பாரியாக எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நான் சொன்னால் ஆராய்ச்சியாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். சொல்லிவைக்கிறேன்.

மூன்றாம் நாள் அத்தை வீட்டில் ஒரு சட்டம் போட்டார். பகலில் எவ்வளவு வேண்டுமானாலும் தோப்பைப் பற்றிப் பேசலாம், அழலாம், மர வியாபாரியிடம் சண்டை போடலாம். விளக்கு வைத்த பிறகு தோப்புப் பேச்சு கூடாது. கரண்ட் வர நாளாகும் என்று தெரிந்துபோனது. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், பரணில் கிடந்த பல்லாங்குழியை எடுத்து, முந்திரிக்கொட்டையைப் போட்டுப் பேரப்பிள்ளைகளோடு ஆடினார். தோற்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். நான் போயிருந்த அன்று, ஏழு வயதுப் பேத்தியிடம் கள்ளாட்டம் ஆடி மாட்டிக்கொண்டு, வயிறு நோகச் சிரித்தார். தோப்பு அப்படியேதான் கிடந்தது. வந்து கேட்ட விலையும் அடிமாட்டு விலைதான்.

நான் யோசித்துப் பார்த்தவரை, நம் கைக்குள் இருப்பது இவ்வளவுதான். துக்கம் வருவதையும் எவ்வளவு வரும் என்பதையும் நாம் முடிவு செய்ய முடியாது. அதற்கு நாளில் எந்தப் பொழுதைக் கொடுப்பது என்பதை ஓரளவு முடிவு செய்யலாம். அத்தைக்குச் சாயங்காலம் மிச்சமானது. நல்லாத் தூங்கி எழுந்தவருக்குக் காலையில் கண் தெளிவாக இருந்தது. நிழல் போனதால் தோப்பில் முதன்முறையாக வெயில் விழுகிறது என்பதைக் கவனித்தார். முந்திரி ஒட்டுக்கன்று மூன்றாம் வருஷம்தான் காய்ப்புக்கு வரும். அதுவரை ஊடே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போட்டார்.

இதையெல்லாம் சொல்கிற நான் எப்படி? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்து பெண்ணையாறு பெருக்கெடுத்து, கடலூரில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். முப்பத்தைந்து வருஷம் வாத்தியாராக இருந்து சேர்த்த புத்தகங்கள் கீழ்த்தட்டில் இருந்ததெல்லாம் கூழாகிவிட்டன. மூன்று வாரம் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதையே காலையும் மாலையும் மென்றுகொண்டிருந்தேன். கடைசியில் என் மனைவிதான், "உங்க அத்தை சட்டத்தை இங்கேயும் போடட்டுமா?" என்று கேட்டார். முதல் நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். பழக்கம்தானே, மெல்ல வந்தது.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, உயிரோடு இருப்பதே பாரம் என்று தோன்றினால் அது நோய். காய்ச்சலை மன உறுதியால் இறக்க முடியாது, இதுவும் அப்படித்தான். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று அத்தைக்குப் போன் செய்து, "ரேடியோவில் உங்கள் தோப்புக் கதையைச் சொல்லப்போகிறேன்" என்றேன்.

"எத்தனை மணிக்கு வரும்?"

"சாயங்காலம்."

"விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பின்னால்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நாளைக் காலை நிச்சயம் போன் வரும். வணக்கம்.