மலையேறிய ஊர்களும் அவற்றைத் தேடி ஏறும் சாலைகளும்: தெற்கு இத்தாலியில் குழுவாக ஒரு மோட்டார் சைக்கிள் பயணம்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

தெற்கு இத்தாலியில் வழிகாட்டி ஒருவரின் தலைமையில் குழுவாக மோட்டார் சைக்கிளில் செல்லும் பயணத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். அத்தகைய பயணத்துக்கான விளம்பரங்களில் நீலக் கடலும் எலுமிச்சைத் தோட்டமும் வளைந்து வளைந்து செல்லும் சாலையும் தவறாமல் இடம்பெறும். அந்தச் சாலை ஏன் அவ்வாறு வளைகிறது என்ற கேள்வியை நான் இன்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கான விடையில் அந்த நிலத்து மக்கள் பட்ட பாட்டின் வரலாறு இருக்கிறது. குழுவைச் சிதறாமல் கொண்டுசெல்வதோடு அந்த விடையையும் சொல்லத் தெரிந்தவரே நல்ல வழிகாட்டி என்பது என் உறுதியான கருத்து.

நேப்பிள்ஸ் நகரிலிருந்து தெற்கே புறப்பட்டால் சலேர்னோவைக் கடந்து சிறிது தொலைவில் பேஸ்டம் வருகிறது. கிரேக்கர்கள் கி.மு. 600ஆம் ஆண்டையொட்டி அங்கே ஒரு நகரை அமைத்தார்கள். அவர்கள் எழுப்பிய மூன்று பெருங்கோயில்கள் இன்றும் தூண்களோடு நிற்கின்றன. அந்த நகரம் கடலோரச் சமவெளியில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். விளைநிலமும் துறைமுகமும் கீழே இருக்கும்போது மலைமேல் ஏறிக் குடியிருக்க அவர்களுக்குத் தேவை ஏற்படவில்லை. பிற்காலத்தில் ஆற்று முகத்துவாரங்கள் சதுப்பாயின. கொசுவும் மலேரியாவும் பெருகின. கடல்வழியாக வந்த கொள்ளையர்களின் தாக்குதலும் சேர்ந்துகொண்டது. மக்கள் சமவெளியைக் கைவிட்டு, அருகிலிருந்த கப்பாச்சோ மலைக்கு ஏறினார்கள். தெற்கு இத்தாலி முழுவதிலும் இதே கதை வெவ்வேறு நூற்றாண்டுகளில் நடந்திருக்கிறது. கடற்கரையில் சில கிலோமீட்டருக்கு ஒன்றாக இன்றும் காணப்படும் காவல் கோபுரங்களில் பல, ஸ்பானிய மன்னரின் பிரதிநிதிகள் நேப்பிள்ஸை ஆண்ட 16ஆம் நூற்றாண்டில், கொள்ளையர் வருகையை அறிவிப்பதற்காகக் கட்டப்பட்டவை. மலேரியாவோ இன்னும் நீண்ட காலம் நீடித்தது. 1900ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி இத்தாலிய அரசே மலேரியாவுக்கு மருந்தான கொயினா மாத்திரையைக் குறைந்த விலைக்கு விற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே நோய் ஒடுங்கியது. 1970ஆம் ஆண்டில்தான் உலக சுகாதார நிறுவனம் இத்தாலியை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது.

இந்த வரலாற்றின் விளைவைத்தான் நாம் நம் சக்கரங்களின் அடியில் உணர்கிறோம். ஊர்கள் மலைமுகட்டில் இருப்பதால், ஒவ்வோர் ஊருக்கும் சாலை பள்ளத்தாக்கிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளாக ஏறியாக வேண்டும். ஊரைத் தொட்டபின் மறுபக்கம் ஆற்றுக்கு இறங்கி, அடுத்த ஊருக்காக மீண்டும் ஏற வேண்டும். பசிலிக்காத்தா மாநிலத்தில் காஸ்டெல்மெட்ஸானோ, பியெத்ராபெர்டோசா என்ற இரண்டு ஊர்கள் கூரிய பாறைக் குன்றுகளின் மடியில், ஒரு பள்ளத்தாக்கின் இரு கரைகளில், ஒன்றையொன்று பார்த்தபடி அமர்ந்திருக்கின்றன. இன்று சுற்றுலாப் பயணிகள் இரும்புக் கம்பியில் தொங்கியபடி ஓரிரு நிமிடங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பறந்துவிடுகிறார்கள். சாலையில் செல்பவரோ பள்ளத்தின் அடிவரை இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. நமக்கு அந்த ஏற்ற இறக்கம் பெருமகிழ்ச்சி. மருத்துவரைத் தேடிக் கழுதைமேல் நோயாளியை ஏற்றிச் சென்ற குடும்பத்துக்கு அதுவே பெருந்துன்பமாக இருந்திருக்கும். இவ்விரண்டையும் சேர்த்து நினைக்காமல் அந்தச் சாலையில் வண்டி ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சலேர்னோவிலிருந்து, நிலப்பரப்பின் தென்முனையிலுள்ள ரெஜ்ஜோ கலாப்ரியா நகர் வரை சுமார் 430 கி.மீ. நீளத்துக்கு ஓர் அதிவேக நெடுஞ்சாலை இருக்கிறது. 1960களிலும் 1970களிலும் அமைக்கப்பட்டுப் பின்னர் விரிவாகப் புதுப்பிக்கப்பட்ட அந்தச் சாலைக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது. சுரங்கங்கள் வழியாகவும், ஓரிடத்தில் ஆற்றுப்படுகையிலிருந்து 250 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் பாலத்தின் வழியாகவும் அது மலைகளைக் கடந்துவிடுகிறது. லாரிகளும் கார்களும் அதில் போய்விட்டதால், பழைய மலைச் சாலைகள் உள்ளூர்ப் பேருந்துக்கும் உழவர்களின் வண்டிகளுக்கும் மோட்டார் சைக்கிள் குழுக்களுக்கும் எஞ்சியிருக்கின்றன. எனவே வரைபடச் செயலியைத் திறந்து விரைவான வழியைக் கேட்டால் அது நம்மை நெடுஞ்சாலையில் ஏற்றிவிடும்; நல்ல பாதை வேண்டுமானால் அந்த வட்டாரத்தை அறிந்த மனிதர் தேவை.

அமால்ஃபி கடற்கரைச் சாலையைப் பற்றி நீளமாகப் பேச மாட்டேன். 1997இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்தக் கரை மிக அழகானது. ஆனால் கோடைக்காலத்தில், குறுகிய வளைவுகளில் சுற்றுலாப் பேருந்துகள் ஒன்றுக்கொன்று வழிவிட முடியாமல் நிற்கும் நெரிசலில், முதல் கியரில் கிளட்சைப் பிடித்தபடி நகர்வதே பயணமாகிவிடும். போவதென்றால் விடியற்காலையில், மேற்கிலிருந்து கிழக்காகச் செல்ல வேண்டும். இத்தாலியில் வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் செல்வதால், அந்தத் திசையில் சென்றால்தான் கடல் நம் பக்கத்தில் இருக்கும்.

வலப்பக்கம் என்றதும், இந்தியாவிலும் இலங்கையிலும் வண்டி ஓட்டிப் பழகிய நமக்கு உரிய எச்சரிக்கை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெரிசலான சாலையில் பிறரைப் பார்த்துச் செல்வதால் நாம் தவறுவதில்லை. பெட்ரோல் பங்கிலிருந்தோ காபிக் கடையிலிருந்தோ வெளியே வந்து, ஆளரவமற்ற சாலையில் ஏறும் அந்தக் கணத்தில்தான் பழக்கம் நம்மை இடப்பக்கம் இழுக்கும். ரவுண்டானாவில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும்; இடப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். பொறுப்புள்ள வழிகாட்டி முதல் நாள் காலையில் இதற்கென்றே எளிய சாலை ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். நம் ஓட்டுநர் உரிமத்தில் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான அனுமதி இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து செல்வோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெறும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் உடன் வைத்திருக்க வேண்டும்.

இனி, குழு எவ்வாறு நகர்கிறது என்பதற்கு வருகிறேன். நேரான சாலையில் குழுவினர் ஒருவர் தடத்தின் இடப்பக்கமும் அடுத்தவர் வலப்பக்கமுமாக மாற்றி மாற்றிச் செல்வர். வளைவுகள் தொடங்கியதும் இந்த அமைப்பைக் கலைத்து ஒற்றை வரிசையாகிவிட வேண்டும். ஏனெனில் வளைவில் ஒவ்வொருவருக்கும் தடத்தின் முழு அகலமும் தேவைப்படுகிறது. தெற்கு இத்தாலியின் மலைகளில் நாளின் பெரும்பகுதி ஒற்றை வரிசைதான். அப்படியானால் இடைவெளி விழும். பின்னால் இருப்பவர் முன்னவரைத் தவறவிடாமலிருக்கத் தம் திறமைக்கு மீறி விரட்டுவார். குழுப் பயணங்களில் நேரும் விபத்துகளுக்கு இந்த விரட்டலே வேராக இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு ஓர் எளிய முறை உண்டு. முன்னே செல்லும் வழிகாட்டி சாலை பிரியும் இடத்தில் கையால் ஓர் இடத்தைச் சுட்டுவார். அவருக்கு அடுத்து வருபவர் அங்கே பாதுகாப்பாக நின்று, பின்னால் வரும் அனைவருக்கும் திரும்ப வேண்டிய திசையைக் காட்டுவார். எல்லாரும் கடந்தபின், குழுவின் கடைசி ஆளாக வர நியமிக்கப்பட்டவர் வந்து சேருவார். அவர் கண்ணில் பட்டதும் நின்றவர் புறப்பட்டு, அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த சந்திப்பில் இன்னொருவர் நிற்பார். இப்படி நாள் முழுவதும் வரிசை சுழன்றுகொண்டே இருப்பதால், மெதுவாகச் செல்பவரும் வழி தவறுவதில்லை. விரைவாகச் செல்பவரும் காத்துக் கிடப்பதில்லை. இதில் மீறக் கூடாத விதி ஒன்றே ஒன்று: கடைசி ஆள் வரும்வரை, எவ்வளவு நேரமானாலும், நிறுத்தப்பட்டவர் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. முன்பின் அறியாத பத்துப் பேர் ஒருவரையொருவர் இவ்வளவு நம்பும் ஏற்பாட்டைப் பயண உலகில் வேறெங்கும் நான் கண்டதில்லை. சந்திப்பில் நிற்கும் அந்தப் பத்து நிமிடங்களில்தான் உள்ளூர்க்காரர்கள் வந்து பேச்சுக் கொடுப்பார்கள் என்பது இதன் இன்னொரு நன்மை.

சாலையின் மேற்பரப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பகுதிச் சாலைகள் பல இடங்களில் தேய்ந்து பளபளப்பாகிவிட்டன. தூறல் விழுந்தால் மிகவும் வழுக்கும். பசிலிக்காத்தாவின் களிமண் மலைகளில் நிலமே நகர்கிறது. நேற்று இருந்த சாலையின் ஓரம் இன்று ஒரு சாண் இறங்கியிருக்கலாம். கிராக்கோ என்ற ஊருக்கு நேர்ந்தது இதுதான். 1963ஆம் ஆண்டின் நிலச்சரிவைத் தொடர்ந்து அங்கிருந்த மக்கள் கீழே பள்ளத்தாக்கில் குடியமர்த்தப்பட்டார்கள். குன்றின்மேல் இருந்த பழைய ஊர் கோபுரத்தோடும் இடிந்த வீடுகளோடும் வெறிச்சோடிக் கிடக்கிறது. குழுவினர் அங்கே படமெடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிடுவதைப் பலமுறை கேள்விப்பட்டிருக்கிறேன். தலைக்கவசம் தந்து உள்ளூர் வழிகாட்டிகள் அழைத்துச் செல்லும் நடைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்காத பயணத் திட்டத்தை நான் நல்ல திட்டமாக ஏற்க மாட்டேன்.

பசிலிக்காத்தாவிலேயே உள்ள மத்தேரா நகருக்கு ஒரு முழு நாள் வேண்டும். அங்கே சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த குகை வீடுகளில், ஒரே அறையில் குழந்தைகளும் கழுதையும் கோழியுமாக மக்கள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வாழ்ந்தார்கள். 1950இல் பிரதமர் தே காஸ்பெரி நேரில் வந்து பார்த்தார். 1952இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, சுமார் 15,000 பேர் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள். நாட்டின் அவமானம் என்று அரசியல்வாதிகள் தலைகுனிந்த அதே குகைகள் 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. 2019இல் அந்நகரம் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராகவும் விளங்கியது. இன்று அக்குகைகளில் விலையுயர்ந்த தங்கும் விடுதிகள் இருக்கின்றன. வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் அதே தெருக்களில் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பதே முறை. பழைய நகருக்குள் வண்டியோடு நுழைய வேண்டாம். இத்தாலிய நகரங்களின் மையப் பகுதிகளில் வாகனக் கட்டுப்பாட்டு வலயங்கள் உண்டு. நுழைவாயிலில் உள்ள கேமரா எண் பலகையைப் படமெடுத்துவிடும். அபராதக் கடிதம், நாம் ஊர் திரும்பிப் பல மாதங்களுக்குப் பிறகு, வண்டியை வாடகைக்குத் தந்தவர் வழியாக வந்து சேரும்.

மத்தேராவிலிருந்து தென்மேற்காகப் போல்லினோ மலைகள். இத்தாலியின் மிகப் பெரிய தேசியப் பூங்கா அதுவே. அங்கே பாறை இடுக்கில் வளரும் ஒருவகைப் பைன் மரங்களில் ஒன்று 1,230 ஆண்டுகள் வயதுடையது என்று ஆய்வாளர்கள் 2018இல் அறிவித்தார்கள். அந்த மலைச்சரிவில், கலாப்ரியா மாநிலத்தில் உள்ள சிவிதா போன்ற ஊர்களில் பெயர்ப்பலகைகள் இரு மொழிகளில் இருக்கும். 15ஆம் நூற்றாண்டு முதல், உதுமானியப் படையெடுப்புக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த அல்பேனியர்களின் வழித்தோன்றல்கள் அங்கே தங்கள் மொழியையும் பைசாந்திய முறைக் கிறித்தவ வழிபாட்டையும் இன்றுவரை காத்து வருகிறார்கள். சிறுபான்மை மொழியொன்று ஐந்து நூற்றாண்டுகளைக் கடந்து வீட்டிலும் கோயிலிலும் நிலைத்திருப்பதைத் தமிழர்களாகிய நாம் நின்று கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். கலாப்ரியா உணவில் மிளகாய் தாராளமாக இருப்பதால் அங்கே நம் நாவுக்கும் குறை இருக்காது.

ஆனால் அந்த ஊர்களில் இளைஞர்கள் குறைவு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய புலம்பெயர்வு, அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும், பின்னர் ஜெர்மனிக்கும் வடக்கு இத்தாலியின் ஆலைகளுக்கும் தெற்கின் மக்களை அழைத்துச் சென்றது. அது இன்னும் நிற்கவில்லை. பத்து வண்டிகள் ஊர்ச் சதுக்கத்தில் நின்று, பத்துப் பேர் அங்கேயே உண்டு, அங்கேயே இரவு தங்கினால் அந்த வருமானம் ஒரு குடும்ப விடுதியைத் திறந்து வைத்திருக்க உதவும். கடற்கரை நகரத்துப் பெரிய விடுதியில் தங்கிவிட்டு மலைகளைப் பகலில் மட்டும் சுற்றிவரும் திட்டங்களை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் இதுதான்.

ரெஜ்ஜோ கலாப்ரியாவில் அருங்காட்சியகத்துக்குப் போகாமல் படகேறக் கூடாது. 1972இல் கடலடியில் கிடைத்த, கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு கிரேக்க வெண்கல வீரர்கள் அங்கே நிற்கிறார்கள். அருகிலுள்ள வில்லா சான் ஜோவான்னியிலிருந்து, மிகக் குறுகிய இடத்தில் சுமார் 3 கி.மீ. அகலமே உள்ள நீரிணையைப் படகில் கடந்தால் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகர். 1908 டிசம்பர் 28ஆம் நாள் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் இரு கரைகளையும் அழித்ததால், அங்கே பழைய கட்டடங்கள் அரிதாகவே எஞ்சியுள்ளன. அதன்பின் எட்னா எரிமலை. சாலை சுமார் 1,900 மீட்டர் உயரம்வரை எரிமலைக் குழம்பு உறைந்த வெளிகளின் ஊடே ஏறுகிறது. எரிமலை சாம்பலைப் பொழிந்தால் கரிய மணல் சாலையெங்கும் பரவும். அப்போது உள்ளூராட்சிகள் இரு சக்கர வாகனங்களுக்குத் தடை விதிப்பதும் உண்டு. அந்த நாளில் மலையேற்றத்தைக் கைவிட்டு வேறு பாதையைச் சொல்லும் வழிகாட்டியிடம் முணுமுணுக்கக் கூடாது.

செல்ல ஏற்ற காலம் மே முதல் ஜூன் நடுப்பகுதி வரையும், செப்டம்பர் நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையும் ஆகும். 2021 ஆகஸ்ட் 11ஆம் நாள் சிசிலியின் சிராகூசா அருகே 48.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. பாதுகாப்பு உடையணிந்து வண்டி ஓட்டக்கூடிய வெயில் அல்ல அது. பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை வண்டிகள்? கடைசியாக வருபவர் சம்பளம் பெறும் பணியாளரா, பயணிகளில் ஒருவரா? மலைச் சாலைகளில் நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர்? 250க்கு மேல் சொன்னால் எங்கும் இறங்கிப் பார்க்க நேரமிருக்காது என்று பொருள். பழுதான வண்டியை ஏற்றிக்கொள்ளப் பின்னால் வேன் வருகிறதா? வழிகாட்டி அந்த வட்டாரத்தைச் சேர்ந்தவரா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்ற விடை கிடைத்தால், மற்றவற்றில் சிறிது குறை இருந்தாலும் நான் அந்தக் குழுவோடு போவேன்.