முதல் சட்டையைத் தேடி

வணக்கம். ஆசிய மலைவாழ் இனமான ஹ்மோங் மக்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று கேட்டால், நான் முதலில் வரைபடத்தை விரிக்க மாட்டேன். அவர்கள் வீட்டுச் சாவுக்கு உங்களை அழைத்துப் போவேன்.

பழைய முறையை விடாத வீடுகளில், இறந்தவருக்காக ஒரு வழிகாட்டும் பாட்டுப் பாடுவார்கள். மணிக்கணக்கில் நீளும். கடைசியாக வாழ்ந்த ஊரிலிருந்து அதற்கு முந்தைய ஊர், அதற்கும் முந்தைய ஊர் என்று உயிர் வந்த வழியே திரும்பி நடக்க வேண்டும். போய்ச் சேருவது பிறந்த வீடு. அங்கே நஞ்சுக்கொடி புதைத்திருக்கும். ஆண் பிள்ளையுடையது நடுத்தூண் அடியில், பெண் பிள்ளையுடையது பெற்றோர் கட்டிலுக்கு அடியில். அவர்கள் மொழியில் அதற்குப் பெயரே 'சட்டை'தான். மனிதன் போட்ட முதல் சட்டை. அதை மாட்டிக்கொண்டுதான் முன்னோரிடம் போக வேண்டும்.

சரி, நாமும் அந்த வழியே பின்னால் போய்ப் பார்ப்போம்.

அமெரிக்காவில் செயின்ட் பால் நகரில் ஒரு முதியவர் இறக்கிறார் என்று வையுங்கள். பாட்டு அங்கே தொடங்கும். அடுத்தது தாய்லாந்தின் பான் வினாய் அகதி முகாமாக இருக்கலாம். முகாமை 1992இல் மூடிவிட்டார்கள். பாட்டில் அதை மூட முடியாது. அப்புறம் லாவோஸையும் தாய்லாந்தையும் பிரிக்கும் மேகாங் ஆறு. மூங்கிலையும் டயர் டியூபையும் பிடித்துக்கொண்டு ராத்திரியில் கடந்த ஆறு.

எதற்காக ஓடினார்கள்? 1960களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ, கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக லாவோஸ் மலைகளில் வாங் பாவ் தலைமையில் ஹ்மோங் படை ஒன்றை ரகசியமாக நடத்தியது. மீசை முளைக்காத பையன்களும் துப்பாக்கி தூக்கினார்கள். கம்யூனிஸ்டுகள் கை ஓங்க, 1975 மே மாதம் அந்தப் படையின் லாங் சியெங் தளத்திலிருந்து வாங் பாவும் சில ஆயிரம் பேரும் விமானத்தில் தப்பினார்கள். மற்றவர்கள் ஓடுபாதையோரம் நின்றார்கள். கிட்டத்தட்ட பதினைந்து வருடம் வேலை வாங்கியவர்கள் கணக்கு முடித்த லட்சணம் அது.

லாவோஸுக்கு முன்னால் தெற்குச் சீனம்: குய்சோ, யுன்னான் மலைகள். அப்போது சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசு வரியும் குடியேற்றமுமாக நெருக்க, 1735, 1795, 1854 என்று மூன்று பெரிய கிளர்ச்சிகள் வெடித்தன. எல்லாம் நசுக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் பலர் வியட்நாம், லாவோஸ் மலைகளுக்கு நகர்ந்தார்கள்.

அதற்கும் முன்னால்? இங்கேதான் வழக்கு. சவினா என்ற பிரெஞ்சுப் பாதிரியார், பனியும் நீண்ட இருட்டும் வரும் கதைகளை நம்பி 1924இல் இவர்களை வடக்கே வெகுதூரம் கொண்டுபோய் நிறுத்தினார். மொழியியலாளர்களோ யாங்சே ஆற்றுப் பக்கம்தான் தேடுகிறார்கள். நான் மொழியை நம்புகிறவன். கதையில் பனி யார் வேண்டுமானாலும் பெய்யவைக்கலாம்.

அமெரிக்காவுக்கு வந்த முதல் தலைமுறைக்கு வேறொரு கவலை இருந்தது. பேரக்குழந்தை ஆஸ்பத்திரியில் பிறக்கிறது. நஞ்சுக்கொடியை அங்கேயே அப்புறப்படுத்திவிடுகிறார்கள். இந்தப் பிள்ளை நாளைக்கு எந்த வீட்டுத் தூணடியில் போய்ச் சட்டையைத் தேடும்?