பூங்காவிலிருந்து பாலம் வரை ஒரு நிழல் கணக்கு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோலாலம்பூரைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தார்கள். இரட்டைக் கோபுரத்தைப் பற்றிப் பேச ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் அதன் காலடி நிழலைப் பற்றிப் பேசுகிறேனே என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, சரி ஐயா, ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

நான் தபால்காரனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சாலையின் எந்தப் பக்கம் எந்த நேரத்தில் நடக்க வேண்டும் என்பதுதான் அந்த வேலையில் முதலில் கற்கும் பாடம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இன்று உங்களை அழைத்துப்போகும் வழி, இரட்டைக் கோபுரத்தின் காலடியில் இருக்கும் கேஎல்சிசி பூங்காவில் தொடங்கி, ஜாலான் அம்பாங் என்ற சாலை வழியாக, கிள்ளான் ஆற்றின் மேல் நிற்கும் சலோமா பாலத்தில் முடிகிறது. ஒரு கிலோமீட்டரை ஒட்டிய தூரம். ஆற அமர நடந்தால் 20 நிமிடம். வாருங்கள், நடந்துபோகலாம் என்று நம்மவர் யாரையாவது கூப்பிட்டுப் பாருங்கள். "ஐயோ, இந்த வெயிலிலா?" என்பார். தூரம் என்று சொல்லவே மாட்டார். நம் ஊரில் நடைக்கு எதிரி தூரமல்ல, வெயில். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடிகாரத்தைப் பற்றி ஒன்று. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். சபா, சரவாக்குக்கும் நமக்கும் ஒரே நேரம் வந்தது, நல்லதுதான். ஆனால் சூரியனுக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது நண்பகல் 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு. அதாவது அலுவலகத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு இறங்குகிறோமே, சரியாக அந்த நேரத்துக்கு! இதில் இன்னொன்றும் இருக்கிறது. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகை வடக்கேதான் இருக்கிறோம். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் உச்சிப்பொழுதில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் நிற்கும். அந்த வேளையில் 452 மீட்டர் உயரக் கோபுரத்துக்கும்கூட வெளியே நீட்ட நிழல் இருக்காது. கட்டடத்தை நம்பி நண்பகலில் நடக்க முடியாது. தலைக்கு மேல் ஏதாவது வேண்டும். ஒன்று கூரை, இல்லாவிட்டால் மரம்.

மரம் என்றதும் பூங்காவுக்கு வந்துவிட்டோம். 20 ஹெக்டேர் பூங்கா இது. வடிவமைத்தவர் பிரேசில் நாட்டின் ராபர்ட்டோ பர்லே மார்க்ஸ். ரியோ டி ஜெனிரோவின் கோபகபானா கடற்கரை நடைபாதையில் கறுப்பும் வெள்ளையுமாக அலை அலையாகக் கல் பதித்திருப்பார்களே, படத்திலாவது பார்த்திருப்பீர்கள், அதற்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் அவர். 1994-இல் காலமானார், இது அவருடைய கடைசிக் காலப் பணிகளில் ஒன்று. இங்கே 1.3 கிலோமீட்டர் ஓட்டப் பாதை வளைந்து வளைந்து போகிறது. நேர்கோட்டில் போட்டிருந்தால் சீக்கிரம் போய்ச் சேரலாம், வெயிலும் சீக்கிரம் சுடும். வளைத்ததால் பாதை மரத்துக்கு மரம் போய்வருகிறது.

பூங்காவும் கோபுரமும் வருவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது? மூத்த நேயர்களுக்குத் தெரியும், குதிரைப் பந்தயத் திடல். சிலாங்கூர் டர்ஃப் கிளப், 1896-இல் தொடங்கியது. பிறகுதான் சுங்கை பீசிக்குப் போனது. என் பெரியப்பா அங்கே குதிரை பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். சைஸ் என்பார்கள். பந்தயம் ஓடி வந்த குதிரையை உடனே கொட்டடியில் கட்டக் கூடாதாம். குளிப்பாட்டி, நிழலில் மெதுவாக நடத்திச் சூட்டைத் தணிக்க வேண்டும். தணிந்ததா என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், குனிந்து, இல்லாத ஒரு குதிரையின் முன்கால்களுக்கு நடுவே, நெஞ்சுப் பக்கமாகப் புறங்கையை வைத்துக் காட்டுவார். "இங்கே தொட்டுப் பார்க்கணும்டா. இங்கே சூடு இருந்தால் இன்னும் ஒரு சுற்று." அவர் அதைச் செய்து காட்டும்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் உண்மையாகவே ஒரு குதிரை நிற்பதுபோல நாங்கள் ஒதுங்கிக்கொள்வோம்.

கோபுரம் கட்டி முடித்துப் பூங்காவைத் திறந்தபின் பெரியப்பாவைப் பார்க்க அழைத்துப்போனோம். தள்ளாத வயது. எல்லாரும் கழுத்து வலிக்க அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. "இங்கே ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கணுமே" என்று கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். பந்தயத் திடல் காலத்து மரங்கள் சிலவற்றை வெட்டாமல் விட்டிருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் எது அவருடைய மரம்? ஒரு பாதுகாவலரை நிறுத்தி விசாரித்தார். அவரோ இளைஞர், திடல் இருந்ததே அவருக்குத் தெரியாது. குதிரையா, இங்கேயா என்று கேட்டுவிட்டார். பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கொட்டடி எங்கே இருந்தது, தண்ணீர்த் தொட்டி எங்கே இருந்தது என்று கைத்தடியால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. கடைசியில் ஒரு பெரிய மரத்தைத் தட்டி, "இதுதான்" என்று தீர்ப்புச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் இன்றுவரை யாரும் அதை மறுத்துப் பேசியதில்லை. கிளம்பும்போது அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை: "குதிரைக்கு நிழல் பார்த்துக் கட்டினான் வெள்ளைக்காரன். எங்களுக்கு யாரும் பார்க்கவில்லை."

தூங்குமூஞ்சி மரமும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான், பர்லே மார்க்ஸைப்போல. பொழுது சாய்ந்தால் இலையை மூடிக்கொள்ளும். மழை வந்தாலும் மூடிக்கொள்ளும். வெயிலுக்குக் குடை பிடித்து, மழையை வேருக்கு விட்டுவிடுகிற மரம். நகரத்துக்கு இதைவிட நல்ல ஊழியன் கிடைக்கமாட்டான்.

சரி, நடப்போம். பூங்காவிலிருந்து சூரியா பேரங்காடிக்குள் நுழைந்து, எல்ஆர்டி ரயில் நிலையத்தின் வழியாக, நிலத்தடியிலேயே ஜாலான் அம்பாங்கின் எதிர்ப்பக்கம் ஏறிவிடலாம். குளுகுளுவென்று இருக்கும். நிழலுக்குப் பதிலாகக் குளிர்சாதனம். எனக்கு அதில் முழு மனது இல்லை. கடை மூடினால் அந்த நிழலும் மூடிவிடும்.

வெளியே வந்தால் ஜாலான் அம்பாங். நடையில் கடினமான பகுதி இதுதான். இந்த இடத்தில் சாலை ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகிறது. சூரியனும் அதே வழியில்தான் ஓடுகிறது. எந்தப் பக்கம் மாறி நடந்தாலும் தப்ப முடியாது. பழைய கடைத்தெருக்களில் அஞ்சடி இருந்தது, கடை வாசலோரமாகக் கூரையின் கீழே போகும் நடைபாதை. 1881-இல் தீயும் வெள்ளமும் இந்த ஊரை அழித்தபின், பிரிட்டிஷ் ஆட்சி அதிகாரியான ரெசிடெண்ட் சுவெட்டன்ஹம் காலத்தில் செங்கல்லும் ஓடும் வைத்துக் கடைகளைக் கட்டச் சொன்னார்கள். அந்த வரிசைக் கடைகளின் முன்னால்தான் அஞ்சடி வந்தது. துணிக்கடை வாசலிலிருந்து மளிகைக்கடை வாசலுக்கு மழையிலும் நனையாமல் போனோம். இன்றைய கோபுரங்கள் சாலையை விட்டுத் தள்ளி, பூந்தொட்டிகளுக்குப் பின்னால், பெரிய மனிதர்போல ஒதுங்கி நிற்கின்றன. நடப்பவன் தலைக்கு மேல் வானம்தான். நகரை வடிவமைப்பவர்கள் ஒரே ஒரு நாள், ஒன்றேகால் மணிக்கு, தாங்கள் வரைந்த நடைபாதையில் நடந்து பார்க்க வேண்டும். காரில் அல்ல.

அடுத்து ஜாலான் அம்பாங் முஸ்லிம் அடக்கத்தலம். மலாய் இசையும் திரையும் கண்ட பெரிய தம்பதியர் பி. ரம்லியும் சலோமாவும் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். ரம்லி பினாங்கில் பிறந்தவர், 1973-இல் மறைந்தார். சலோமா 1983-இல். கணவர் பெயரில் கோபுரத்தை நோக்கி வரும் சாலை. மனைவி பெயரில் ஆற்றைத் தாண்டும் பாலம். நடுவில் இருவரின் கல்லறைகள். என் தலைமுறைத் தமிழ் வீடுகளிலும் ரேடியோவில் சலோமா பாடினால் யாரும் ஸ்டேஷனை மாற்றமாட்டார்கள்.

இதோ பாலம். 69 மீட்டர் நீளம். 2020 பிப்ரவரியில் திறந்தார்கள். அடுத்த மாதமே கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாரும் வீட்டில் அடைந்தோம். நடப்பதற்கென்றே கட்டிய பாலத்துக்கு இப்படி ஒரு ராசி. மலாய்த் திருமணங்களில் வைக்கும் சிரே ஜுன்ஜோங், அதாவது வெற்றிலை அடுக்கு, அதன் வடிவத்தைப் பார்த்துச் செய்தது. நமக்கும் வெற்றிலை இல்லாமல் மங்கலம் ஏது? வைர வடிவக் கட்டங்களாக இரும்பு வளைந்து தலைக்கு மேல் போகிறது. இரவில் ஆயிரக்கணக்கான விளக்குகள் நிறம் மாறும்; படம் எடுக்கக் கூட்டம் அலைமோதும். நான் பகலில் போகச் சொல்கிறேன். கட்டங்களின் நிழல் தரையில் பாய்விரித்ததுபோல விழும். குனிந்து பார்த்தால் ஆற்றின் ஓரமாகத் தூண்களின் மேல் ஓடும் விரைவுச் சாலை, அதன் கீழே சிமெண்டுக் கரைகளுக்கு நடுவே கிள்ளான் ஆறு. முன்பு எதிர்க்கரைக்காரர்கள் கோபுரத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஊரைச் சுற்றித்தான் வர வேண்டியிருந்தது. ஆறும் விரைவுச் சாலையும் சேர்ந்து மறித்தன. இப்போது சில நிமிடம் போதும்.

எதிர்க்கரை, கம்போங் பாரு. உண்மையில் அதைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்து வந்தேன். கண்ணாடிக்கு அப்பால் நிகழ்ச்சி நடத்துநர் இரண்டு விரலைக் காட்டுகிறார்... இப்போது ஒன்று. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நூறு ஆண்டுக்கும் மேலாக இருக்கும் மலாய்க் குடியிருப்பு. பலகை வீடுகள், வாசலில் வாழையும் ரம்புத்தானும். நிழலுக்கு யாரும் திட்டம் போடவில்லை, பழத்துக்காக மரம் வைத்தார்கள், நிழல் தானாக வந்தது. அங்கே நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, சாப்பிடுங்கள். திரும்ப நடக்க முடியாதவர்களுக்கு கம்போங் பாரு எல்ஆர்டி நிலையம் இருக்கிறது. கேஎல்சிசி அடுத்த நிறுத்தம்தான். காலை ஒன்பது மணிக்குள் கிளம்பிவிடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஜாலான் அம்பாங்கில் மட்டும் கொஞ்சம் எட்டி நடையைப் போடுங்கள். நன்றி, வணக்கம்.